தலைதீபாவளி மதர்போர்டு

உட்காருங்கள் தம்பி, தாராளமாக உட்காருங்கள். பெட்டியை நான் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர். மேலே போட்டு வைக்க இது என்ன முறுக்கு டப்பாவா? அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

கம்ப்யூட்டருக்குள் போடுகிற ரேம், அதன் ஞாபகசக்தி. மூன்று குச்சி. நீங்கள் எங்கே வேலை? பாங்க்கிலா? அப்படியென்றால் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறீர்கள், ஒன்றும் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. உங்கள் பாங்க்கில் யாருக்கும் தெரியாது. பாஸ்புக்கை நீட்டினால் சர்வர் இல்லை என்கிறீர்கள். எங்கே போனது என்று கேட்டால் மேனேஜரைப் பார்க்கச் சொல்கிறீர்கள். மேனேஜர் மின்விசிறியைப் பார்க்கிறார்.

நான் விருத்தாசலத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். கலியபெருமாள் என்று சொன்னால் தெரியும். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. திறந்து பார்த்தேன், தெரிந்துகொண்டேன். இன்றைக்கு எங்கள் ஊரில் யார் கம்ப்யூட்டர் வாங்குவதானாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேட்டுவிட்டு நான் சொன்னதை வாங்க மாட்டார்கள், அது வேறு விஷயம். லேப்டாப் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். லேப்டாப்பை நான் கம்ப்யூட்டர் என்றே சொல்வதில்லை. மூடி வைத்த டிபன் பாக்ஸ்.

என் ஒரே மகள் கார்குழலிக்குப் போன வைகாசியில் கல்யாணம். அவள் அம்மா இல்லை. இருந்து பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாப்பிள்ளை பெயர் வினோபா. சாந்தமான பெயர், சாந்தமான ஆள். எனக்குச் சாந்தமானவர்களைக் கண்டாலே ஆகாது. எதைச் சொன்னாலும் "சரி மாமா" என்பார். சட்டினியில் உப்பில்லை என்றாலும் "சரி மாமா", உப்பு அதிகம் என்றாலும் "சரி மாமா."

சென்னையில் விளம்பரப் படங்களுக்கு வேலை செய்கிற கம்பெனியில் இருந்தார். படத்தில் தெரியக்கூடாத கம்பத்தை எடுப்பது, மழை பெய்யாத இடத்தில் மழை பெய்ய வைப்பது, இந்த மாதிரி. புரட்டாசியோடு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் செய்யப்போவதாகச் சொன்னார். ஒரு நகைக்கடை விளம்பரம் கையில் இருந்தது. தீபாவளி கழிந்து வருகிற திங்கட்கிழமை, அதாவது நாளை மறுநாள், முடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அந்தக் கடையின் ஒரு வருஷத்து விளம்பரம் எல்லாம் அவருக்குத்தான். கொடுக்காவிட்டால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே போனால் மறுபடியும் ராத்திரி ஷிப்ட். குழலி ஒரு வீட்டில், அவர் ஒரு ஆபீஸில். அவள் முகம் வாடிப்போய்ச் சொன்னாள்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று முறையாகக் கேட்டேன். மோதிரம், வண்டி என்று ஏதாவது கேட்பார் என்று பார்த்தால், தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு கம்ப்யூட்டர் மாமா. ரேம் மட்டும் நெறைய இருந்தாப் போதும். மத்ததெல்லாம் சாதாரணமா இருக்கட்டும்" என்றார்.

சாதாரணமாக! என்னிடம் வந்து சாதாரணமாக!

சொல்கிறேன் கேளுங்கள். பிராசஸர் என்கிற கம்ப்யூட்டர் மூளையைக் கம்பெனிக்காரன் ஒரு வேகத்தில் ஓடச் சொல்லி அனுப்புகிறான். அதைவிட வேகமாக ஓட அதற்குத் தெம்பு உண்டு. நாம் அமைப்பை மாற்றி அந்தத் தெம்பை வெளியே எடுக்கலாம். அதற்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர். ஆனால் பிராசஸர், ரேம் எல்லாவற்றையும் மாட்டுகிற பலகைதான் மதர்போர்டு, எல்லா மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்காது. சாதாரண போர்டுகளில் அந்த வழியை அடைத்தே விற்கிறார்கள். ஜனங்கள் அதைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கம்பெனி சொன்ன வேகத்திலேயே ஆயுசுக்கும் ஓட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டச் சொன்னதிலிருந்து கட்டிய கையை அவிழ்க்காதவர்கள்.

ஆடி மாதத்திலிருந்து போர்டு தேடினேன். வீடியோ போடுகிற பையன்களை எல்லாம் பார்த்தேன். ஒருத்தன் பெட்டியைப் பிரித்து மோந்து பார்க்கிறான். ஒருத்தன் போர்டில் எரிகிற கலர் விளக்கைப் பற்றியே பேசிவிட்டு வணக்கம் சொல்லிவிட்டான். மாரியம்மன் கோவில் சீரியல் பல்பு மாதிரி எரிகிறது, அதற்கு லைக்கு வேறு. பிராசஸருக்குக் கரண்ட் போகிற இடத்தில் என்ன வைத்திருக்கிறான், அதன் மேல் சூட்டை இழுக்கிற அலுமினியக் கட்டி எவ்வளவு கனம், யாரும் சொல்லவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் சூடு அங்கேதான் ஏறும்.

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடியில் ஒரு கடை. அங்கே செல்வின் என்று ஒருத்தன் நிற்கிறான், தெற்கத்திக்காரன், வாய் ஓயாது. ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்வான், நாலும் தப்பாக இருக்கும். நான் ஒவ்வொரு போர்டாகக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, எதுக்குத் தூக்கித் தூக்கிப் பாக்கீய? கத்திரிக்காயா வாங்குதீய?" என்றான்.

"அலுமினியம் கனமா இருக்கான்னு பாக்கறேன்யா."

"கனம் வேணும்னா பக்கத்துத் தெருவுல கிரைண்டர் இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருந்ததிலேயே கனமான போர்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கறுப்புப் போர்டு, ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கென்றே செய்தது. ரேம் குச்சி மாட்ட நாலு இடம். நாலுக்கும் நாலு குச்சி கொடு, மொத்தம் நூற்றிருபத்தெட்டு ஜி.பி. வர வேண்டும் என்றேன்.

அவன் அப்போதுதான் ஒழுங்காகப் பேசினான். அதாவது ஒழுங்காகப் பேசுகிற மாதிரி பேசினான். "வேகத்தையும் கூட்டணும், நாலு குச்சியும் போடணும்னா ரெண்டும் ஒத்துப் போவாது அண்ணாச்சி. பெரிய குச்சியா ரெண்டு வாங்குங்க. அதே அளவுதான் வரும். ரெண்டு எடம் காலியா கெடக்கட்டும்."

காலியாகக் கிடக்கட்டுமாம். தம்பி, நீங்களே சொல்லுங்கள். நான் வாங்கிய கேபினெட்டுக்கு ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். தலைதீபாவளிச் சீர். சம்பந்தி வீட்டார் பார்க்கிற பொருள். உள்ளே இரண்டு இடம் பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தால் என்ன பேசுவார்கள்? தாம்பாளத்தில் பழம் வைக்கிறபோது பாதித் தட்டைக் காலியாக விடுவோமா? அவன் கடைக்காரன். சீர் வைப்பதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

"நாலும் குடு" என்றேன்.

"உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. நாலு எடமும் நெறஞ்சிருந்தா, மொத தடவ போடும்போது போர்டு ஒவ்வொரு குச்சியா பழகிப் பாக்கும். அதுவரைக்கும் ஸ்கிரீன் கறுப்பாத்தான் கெடக்கும். நீங்க கை வைக்காதீய. கரண்ட்ட நிறுத்தினா மறுபடி மொதல்லேருந்து பழக ஆரம்பிக்கும். எவ்ளோ நேரமானாலும்..."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பழகிப் பார்க்குமாம்! பெண் பார்க்க வந்திருக்கிறதா? மட்டமான சரக்கை விற்கிறவன் முன்கூட்டியே சொல்லி வைக்கிற சாக்கு இது. நாளைக்குப் பழுதென்று வந்தால், "நான்தான் சொன்னேனே, பொறுக்கணும்னு" என்பான். எனக்கு யார் பேசினாலும் பாதியிலேயே புரிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. என் வீட்டுக்காரி தனபாக்கியம் எதையும் இழுத்து இழுத்துத்தான் சொல்வாள். "ஏங்க, ரெண்டு நாளா வயித்துல..." என்று ஆரம்பிப்பாள். நான் முடித்துவிடுவேன். வாயு. மருந்தும் வாங்கி வந்துவிடுவேன். பிறகு டாக்டர்கள் என்னென்னவோ பெயர் சொன்னார்கள், முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார்கள். டாக்டர்கள் எப்போதும் அதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கும் ஒரு சாக்கு வேண்டுமே.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், போர்டு.

தீபாவளிக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டேன். மேலே கூலர், கீழே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்., ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியாது. என் அக்கா அம்சவேணி வந்திருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் சீர் வைக்க ஒரு பெண்பிள்ளை வேண்டுமே. நான் மாட்ட மாட்ட அவள் ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். நாலு ரேம் குச்சிக்கும் நெற்றியில் பொட்டு. ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று சுவிட்சில் கை வைத்தேன். கையில் ஒரு அடி போட்டாள்.

"மாப்ள கையால மொத மொத போடணும்டா. நீ போட்டுட்டு அவருக்குக் குடுத்தா அது என்ன, கட்டின துணியக் குடுக்கற மாதிரி."

அதுவும் சரிதான். தவிர, நான் மாட்டியது வேலை செய்யாமல் போகுமா என்ன?

தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, பலகாரம் எல்லாம் ஆயிற்று. நல்ல நேரம் பார்த்து கூடத்தில் மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தோம். மேலே முல்லைச் சரம். சென்னையிலிருந்து சம்பந்தியம்மா மரகதவல்லி போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். குழலி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் போனைக் காதுக்குக் கிட்ட வைத்துக்கொள்வார், நமக்கு அவர் கம்மல் மட்டும்தான் தெரியும். கம்மலைப் பார்த்துத்தான் நான் வணக்கம் சொன்னேன்.

"போடுங்க மாப்ள" என்றேன்.

வினோபா சுவிட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. ஸ்கிரீன் கறுப்பு.

கறுப்பு தம்பி. ஒரு எழுத்துக் கிடையாது. ஒரு புள்ளி கிடையாது.

"வரும், வரும்" என்றாள் அக்கா, ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

நான் கரண்டை நிறுத்தினேன். ஒயரை எல்லாம் அமுக்கிவிட்டு மறுபடி போட்டேன். கறுப்பு. நிறுத்தினேன். மானிட்டர் ஒயரை மாற்றினேன். போட்டேன். கறுப்பு.

"மாமா" என்றார் வினோபா மெதுவாக. "கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பாக்கலாமா மாமா?"

"மாப்ள, நீங்க உக்காருங்க. இது என் வேலை."

"சரி மாமா."

பார்த்தீர்களா? சரி மாமா! தெரிந்தவனாக இருந்தால் சண்டை போட்டிருக்க மாட்டானா?

அக்கா உள்ளே போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கம்ப்யூட்டரைச் சுற்றி எடுத்தாள். "எதுத்த வீட்டுக்காரி நேத்து வந்து கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா. அப்பவே நெனச்சேன்" என்றாள். வாசலில் போட்டு மிதித்துவிட்டு வந்தாள். போட்டேன். கறுப்பு. நிறுத்தினேன்.

போனில் இருந்த கம்மல் பேசியது. "பரவால்ல சம்பந்தி. மனசு சங்கடப்படாதீங்க. நம்ம வீட்லயே வினோவோட காலேஜ் கம்ப்யூட்டர் பரண்ல இருக்கு. தொடச்சா ஓடும்."

தொடச்சா ஓடுமாம். ஆடியிலிருந்து தேடி வாங்கிய போர்டை வைத்துக்கொண்டு, பரணில் இருப்பது தொடச்சா ஓடும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. குழலி முகத்தைப் பார்த்தேன். "அத்தை, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

"அப்பா, அவர் சொல்றத ஒரு தடவ..." என்றாள்.

"தெரியும்மா" என்றேன்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று அக்கா கத்துகிறாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மூன்று ரேம் குச்சிகளைக் கழற்றிப்போட்டு, ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போட்டேன். வந்ததே! ஸ்கிரீனில் எழுத்து வந்தது. அக்கா குலவை போட்டாள். கழற்றிய குச்சிகளில் ஒன்றை மறுபடி சேர்த்தேன், கறுப்பு. இன்னொன்றைச் சேர்த்தேன், கறுப்பு. எடுத்தேன், வந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? செல்வின் எனக்கு ஒரு நல்ல குச்சியும் மூன்று சொத்தைக் குச்சியும் விற்றிருக்கிறான்.

என்ன கேட்கிறீர்கள்? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தேன் என்றா? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம் விட்டிருப்பேன். தம்பி, வருகிற ஸ்கிரீன் உடனே வரும். வராத ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பேர் பொறுமை இல்லை, அசட்டுத்தனம். பாங்க்கில் உட்கார்ந்து உட்கார்ந்து உங்களுக்கு அது பழகிப்போயிருக்கும்.

இருந்த ஒரு குச்சியோடு நான் நிற்கவில்லை. அன்றைக்கே பயாஸுக்குள், அதாவது அமைப்பை மாற்றுகிற பக்கத்துக்குள் போய் வேகத்தைக் கூட்டினேன். விசிறி அலறியது. அரிசி மில் மாதிரி சத்தம். எழுந்து நின்று எண்களைப் பார்த்தோம். அதாவது நான் பார்த்தேன். விருத்தாசலத்தில் அந்த வேகத்தில் ஓடிய கம்ப்யூட்டர் இதுவரைக்கும் இருந்திருக்காது. வினோபா எண்களைப் பார்க்காமல் கழற்றி வைத்திருந்த மூன்று குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர்கள் குரோம்பேட்டைக்குக் கிளம்பினார்கள். காரில் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி வைத்து சீட் பெல்ட் போட்டுக் கட்டினேன். அப்போது வினோபா என்னிடம் வந்து, "மாமா, அந்த மூணையும் குடுங்க மாமா. நான் அங்க போயி பொறுமையா பாத்துக்கறேன்" என்றார்.

"சொத்தைச் சரக்கை என் பொண்ணு வீட்டுக்கு அனுப்புற ஆள் நான் இல்ல மாப்ள. நானே போய் அவன் மூஞ்சியில அடிச்சு மாத்திட்டு வந்து தர்றேன்."

"திங்கக்கிழமைக்குள்ள வேணும் மாமா. ஒரு குச்சில அந்தப் படம் தெறக்கக்கூட மாட்டேங்கும்."

"வேகம் கூட்டித் தந்திருக்கேன்ல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு "சரி மாமா" என்றார்.

குழலி காரில் ஏறுகிறபோது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வழக்கமாக, "மாத்திரை போடுங்க, வெயில்ல அலையாதீங்க" என்று ஏதாவது சொல்வாள். நான் நினைத்துக்கொண்டேன், அந்த வீட்டுக்குப் போய் இவளும் சாந்தமாகிவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் போன். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த அன்றே வேகத்தைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கிவிட்டாராம். சத்தம் தாங்க முடியவில்லையாம். நான் ஏற்றியதை இறக்கத்தான் இவர்களுக்கு வரும். ரிச்சி தெருவில் கடை திறந்தபாடில்லை, தீபாவளி விடுமுறை. இன்றைக்குத்தான் திறந்தான். காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கடை வாசலில் நின்றேன்.

மூன்று குச்சியையும் மேஜையில் வைத்தேன். "இந்தா உன் சொத்தை" என்றேன்.

செல்வின் எடுத்துப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, ரேமுக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்கீய? சடங்கு சுத்தினீயளா?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. இந்தத் தெருவுக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும்.

அதே மாதிரி போர்டு ஒன்றைக் கடையில் சோதனைக்கு வைத்திருந்தான். என் மூன்று குச்சியோடு அவன் கடைக் குச்சி ஒன்றையும் சேர்த்து நாலாக மாட்டினான். போட்டான். கறுப்பு.

"பாத்தியா?" என்றேன்.

"இருங்க அண்ணாச்சி" என்றான். டீயை எடுத்து ஊதிக் குடித்தான். யாருக்கோ மவுஸ் விற்றான். யாரிடமோ போனில் ஊருக்கு எப்போ வருவேன் என்று பேசினான். ஸ்கிரீன் கறுப்பாகவே கிடக்கிறது, இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியாபாரம் செய்கிறவனுக்கு இருக்க வேண்டிய கூச்சம் கொஞ்சம்கூட இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அவனோடு நிற்கப் பிடிக்காமல் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். டீயில் சர்க்கரை இல்லை. கடைக்காரனிடம் அதைச் சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன்.

ஸ்கிரீன் எரிந்துகொண்டிருந்தது. நாலு குச்சியும் கணக்கில் காட்டுகிறது.

"பாத்தீயளா? நல்லாத்தான் இருக்கு. பழக விட்டீயளா வீட்ல? நாந்தான் சொன்னேன்லா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் கீழே போன நேரம் பார்த்துக் குச்சியை மாற்றியிருக்கிறான். சோதனை முடிந்ததும் என் சொத்தைக் குச்சிகளைத் திருப்பி என் தலையில் கட்டப்போகிறான். என்ன? குங்குமப் பொட்டு அப்படியே இருந்ததா? இருந்தது, இருந்தது. குங்குமத்தைத் தொட்டு இன்னொரு குச்சியில் வைக்க எவ்வளவு நேரமாகும்? கண் மூடித் திறப்பதற்குள் வைக்கலாம். நீங்கள் நல்லவராக இருக்கிறீர்கள் தம்பி. பாங்க்கில் இருக்க வேண்டிய ஆள்தான்.

"நல்ல சரக்குக்கு நான் மாத்தித் தர முடியாது அண்ணாச்சி. வேணும்னா உங்க மாப்ளகிட்ட குடுங்க, அவர் போட்டுக்குவார்" என்றான்.

மாப்பிள்ளையிடம் கொடுக்க நீ யார் சொல்ல? பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மின்சார ரயிலில் ஏறினேன். குரோம்பேட்டையில் நின்றது. ஸ்டேஷனிலிருந்து குழலி வீடு நடந்து போகிற தூரம்தான். கீரை விற்கிற பாட்டி, அடுத்தாற்போல் தையல்கடை, அதற்கு மேல் மாடி. ரயில் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்தேன். இறங்கவில்லை. சொத்தைச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நிற்பதா? அந்தக் கம்மல் அங்கேதான் இருக்கும். "மாத்திட்டீங்களா சம்பந்தி?" என்று கேட்கும். ரயில் கிளம்பிவிட்டது. கிளாம்பாக்கம் வந்து இந்த பஸ்ஸைப் பிடித்தேன். இப்போது செங்கல்பட்டு தாண்டிவிட்டோமா? ஊருக்குப் போய் வேறு நல்ல குச்சியாக வரவழைத்து அனுப்புவேன். ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். சீர் என்று கொடுத்தால் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை என்ன திங்கட்கிழமை, அந்த நகைக்கடைக்காரன் ஒரு வாரம் பொறுக்க மாட்டானா? இந்த ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது.

இருங்கள். போன். மகள்தான்.

"சொல்லும்மா... பஸ்ல இருக்கேன்... இல்ல, இறங்கல. நேரா ஊருக்குத்தான்... அவன் மாத்தித் தரல, திருட்டுப் பய... என்னது? யாரோட ரேம்?... அவரோட பழைய ஆபீஸ் நண்பனா? நாலுமா?... போட்டீங்களா?... கறுப்பா இருந்துச்சுல்ல? நான் சொன்னேன்ல... துணி காயப்போட்டுட்டு வந்தாரா? எதுக்கு?... சரி... வந்ததும்?... வந்துருச்சா? நாலும் காட்டுதா?... எத்தனை தடவ ஆஃப் பண்ணிப் போட்டார்?... ஒரு தடவகூட பண்ணலயா?... படம் தெறந்துருச்சா. வேலை ஓடுதா. திங்கக்கிழமைக்கு முடிஞ்சுருமா... ம். நல்லது. நல்லது. போர்டு யாரு பார்த்து எடுத்தது! சொல்லு அவர்கிட்ட... அந்த மூணும் என்கிட்டயே இருக்கட்டுங்கிறியா? சரிம்மா, இருக்கட்டும். நான் எதுக்கு அதை அங்க கொண்டாரப் போறேன்... யாரு சிரிக்கிறது பின்னால? அவரா?... அத்தையுமா?... என்ன, இன்னொரு விஷயமா?... அவசரப்படாம கேக்கறதா? தெரியும்மா, எல்லாம் தெரியும். நீ சொல்லவே வேணாம், வேலையைப் பாருங்க. வைக்கிறேன்."

பார்த்தீர்களா தம்பி? நண்பனுடைய நல்ல குச்சி நாலையும் போட்டார்கள், ஒரே தடவையில் வந்துவிட்டது. இதிலிருந்து என்ன தெரிகிறது? என் போர்டு நல்ல போர்டு. இந்த மூன்றும் சொத்தை. அவளே சொல்லிவிட்டாள், அது உங்களிடமே இருக்கட்டும் என்று. அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பெண் இல்லையா? அந்த வீட்டில் இன்றைக்கு எல்லாரும் ஒன்றாகக் கூடிச் சிரிக்கிறார்கள். சம்பந்தியம்மா கூடச் சிரிக்கிறார், நான் அந்த அம்மாள் சிரித்துக் கேட்டதே இல்லை. ஒரு கம்ப்யூட்டர் ஓடியதற்கு இவ்வளவு சிரிப்பா? அற்பத்துக்குச் சந்தோஷப்படுகிற ஜனங்கள்.

ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "அப்பா, நானும் அவரும் நேத்து லேடி டாக்டர்கிட்ட..." என்றாள். ராத்திரியும் பகலும் ஸ்கிரீனைப் பார்த்தால் கண் வலிக்காமல் என்ன செய்யும்? கண்ணாடி போடச் சொல்லியிருப்பார். இதற்கு டாக்டரிடம் போக வேண்டுமா?

மறுபடியும் அடிக்கிறாள் பாருங்கள். நன்றி சொல்லத்தான். போர்டு வாங்கித் தந்ததற்கு அப்பாவுக்கு நன்றி சொல்ல இப்போதுதான் மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்திருக்கும்.

அடிக்கட்டும். நீங்கள் அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், தூசி வருகிறது.